எந்த இடத்துல?

ரேடியோஹெட் கேட்கிற இரண்டு பேர் சந்தித்தால், பத்து நிமிடத்துக்குள் பேச்சு ஓரிடத்துக்கு வந்து நிற்கும். ‘ஓகே கம்ப்யூட்டர்’ பெரிதா, ‘கிட் ஏ’ பெரிதா? முதலாவது 1997-ல் வந்தது, இரண்டாவது 2000 அக்டோபரில். நடுவே மூன்றே வருடம். அதே ஐந்து பேர், அதே நைஜல் காட்ரிச். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவருக்கு ரயில் மாறி ஏறிவிட்டோமோ என்று தோன்றும். ‘பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்’ மாதிரி ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற கிட்டார் பாட்டைச் செய்தவர்கள், அடுத்த ஆல்பத்தைத் தொடங்கும்போது கிட்டார் சத்தத்தையே காணோம்.

இதில் மூன்றாவது ஆள் சேர்ந்தால் 1995-ன் ‘தி பெண்ட்ஸ்’ஸுக்குக் கொடி பிடிப்பார். நான்காவது ஆள் 2007-ன் ‘இன் ரெயின்போஸ்’தான் எல்லாவற்றுக்கும் மேல் என்பார். ‘பாப்லோ ஹனி’க்காக வாதாட மட்டும் ஆள் கிடைப்பது கஷ்டம். பேச்சு சூடாகும், குரல் உயரும். கடைசியில் யாராவது ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: “சரி விடு, அவரவர் ரசனை.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என் பிரச்சினை. கேட்க நாகரிகமாக இருக்கிறது. யாரையும் புண்படுத்துவதில்லை. ஆனால் அது உண்மையா? உண்மை என்றால், அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

எனக்குப் பால் விட்ட காபி பிடிக்கும், உங்களுக்குக் கடுங்காபி. இதற்காக நாம் சண்டை போடுவதில்லை. ஆனால் ‘கிட் ஏ’ வெறும் சத்தம் என்று ஒருவர் சொன்னால் எனக்குள் ஏதோ துள்ளுகிறது. “உனக்கு அப்படி, எனக்கு இப்படி” என்று கடந்துபோக முடிவதில்லை. இம்மானுவேல் காண்ட் 1790-ல் எழுதிய நூலில் இந்தத் துள்ளலைத்தான் பிடித்தார். ஒரு பானம் இனிக்கிறது என்னும்போது “எனக்கு இனிக்கிறது” என்று திருத்திக்கொள்வதில் யாருக்கும் சங்கடமில்லை. ஒன்று அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, “எனக்கு மட்டும் அழகு” என்று சேர்த்தால் அது கேலிக்கூத்து என்கிறார். அழகு என்று சொல்லும்போதே மற்றவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறோம். நிரூபிக்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. விசித்திரமான நிலைமைதான்.

அவருக்கு முன்பே டேவிட் ஹியூம், ரசனையின் அளவுகோல் பற்றி 1757-ல் எழுதிய கட்டுரையில் ‘டான் கிஹோத்தே’யிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார். இரண்டு பேர் ஒரு பீப்பாய் மதுவைச் சுவைக்கிறார்கள். நல்ல மது, ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறார் ஒருவர். நல்ல மது, ஆனால் லேசாக இரும்பு வாடை என்கிறார் மற்றவர். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் பார்த்தால் அடியில் ஒரு பழைய சாவி, அதில் கட்டிய தோல்வார். நம் மொழியிலும் நாக்குக்கும் கலைக்கும் சுவை என்ற ஒரே சொல்தான். அதனால் இந்தக் கதை நமக்கு உடனே புரிந்துவிடுகிறது.

சரி, ஆல்பத்துக்கு அடியில் சாவி உண்டா?

நான் பொறியியல் படித்த காலத்தில் ‘இன் ரெயின்போஸ்’ வந்தது. 2007 அக்டோபர் 10. விருப்பப்பட்ட விலை கொடுத்து இறக்கிக்கொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள். கிரெடிட் கார்டைக் கண்ணால் பார்த்திராத விடுதி மாணவர்களாகிய நாங்கள், விலைக் கட்டத்தில் பூஜ்யம் போட்டோம். அந்தப் பத்துப் பாட்டிலிருந்து பின்னோக்கி நடந்துதான் பழைய ஆல்பங்களுக்குப் போனோம். என் அறைத்தோழன் ‘தி பெண்ட்ஸ்’ஸில் நின்றுவிட்டான். நான் ‘கிட் ஏ’யில்.

ஒருநாள் ராத்திரி அவன் கடுப்பாகிச் சொன்னான்: “மச்சான், இதுல பாட்டு எங்கடா இருக்கு? முதல் பாட்டையே எடுத்துக்க. அந்தாளு பாட வந்துட்டு, குரலை வெட்டி வெட்டி எங்கயோ ஒளிச்சு வெக்கிறான். பயந்தவன் மூஞ்சிய மூடிக்கிற மாதிரி இருக்கு.” அவன் அதைக் குறையாகத்தான் சொன்னான். நான் ஹெட்போனை வாங்கி மறுபடி கேட்டேன். ஆமாம், தாம் யார்க்கின் குரல் ஒளிந்துகொண்டிருந்தது. அதுவரை நான் அதை எந்திரத்தின் இசை என்றுதான் கேட்டுவந்தேன். அன்றைக்குத்தான் அங்கே ஒரு மனிதன் எந்திரத்துக்குப் பின்னால் பதுங்குவது கேட்டது. எனக்கு அந்த ஆல்பம் இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது. அவனுக்கு அப்போதும் பிடிக்கவில்லை.

யாரும் ஜெயிக்காத அந்த வாதம் வீண் இல்லை. அவன் கையில் ஒரு சாவி அகப்பட்டது, அதை என்னிடம் காட்டினான். அது இருக்கிறதா இல்லையா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. அது இருப்பதால் மது கெட்டதா, சிறந்ததா என்பதில்தான் வேறுபாடு. ஆல்பங்களை ஒப்பிடும் பேச்சில் பாதிக்கு மேல் இப்படித்தான். ‘கிட் ஏ’யின் முதல் பாட்டைப் பத்துப் பத்தாக எண்ணிப் பாருங்கள், சுற்று சரியாக வந்து மூடும். ‘இடியோடெக்’கின் அடியில் ஓடும் அந்தச் சோகமான ஸ்வரக்கோவை, பால் லான்ஸ்கி 1973-ல் கணினியில் செய்த இசையிலிருந்து எடுத்த சில நொடித் துண்டு. ‘ஏர்பேக்’கின் டிரம், பில் செல்வே வாசித்ததைத் துண்டுபோட்டு ஒட்டியது. இதெல்லாம் என் விருப்பம் அல்ல, அங்கே இருப்பவை. யாராவது விரலால் சுட்டும்வரை காதில் விழாதவை.

இதற்குக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி ‘கிட் ஏ’ வந்த சமயத்தில் நியூயார்க்கர் இதழில் எழுதினார். இந்த ஆல்பம் கேட்கிற பொறுமையும் பக்தியும், மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்ட மனிதனிடம் குறைந்துபோகும் சரக்குகள் என்பது அவர் வாதத்தின் சாரம். இத்தனைக்கும் இவர், இசைத்தட்டுக் கடையில் உட்கார்ந்து எதற்கெடுத்தாலும் முதல் ஐந்து பட்டியல் போடும் ஆட்களைப் பற்றி ‘ஹை ஃபிடெலிட்டி’ எழுதியவர்.

அவர் வாதத்தை நான் இன்னும் ஒரு படி கொண்டுபோகிறேன். நாற்பது முறை கேட்டவனுக்கு அந்த ஆல்பம் பிடித்துத்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் செலவழித்த நேரத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாது. அப்படியென்றால் நான் சுவைத்தது சாவியையா, என் உழைப்பையா? பதினெட்டு வயதில் கேட்டதெல்லாம் காவியமாகத் தெரிவதும் இதே கணக்கில் வரும். ஆல்பத்தைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு, பலரும் தங்கள் இளமையைத்தான் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தனியாக உட்கார்ந்து யோசித்தால் இதற்குப் பதில் கிடைக்காது. என் காதை என் காதால் சோதிக்க முடியாது. சோதிக்க இன்னொருவர் வேண்டும், அதுவும் என் மாதிரி இல்லாத ஒருவர். அந்த ஆல்பத்தில் எந்த முதலீடும் இல்லாதவர், நான் சுட்டுகிற இடத்தில் காது வைத்து, “ஆமா, இருக்கு” என்றோ, “இல்லப்பா, நீயா கற்பனை பண்ற” என்றோ சொல்ல வேண்டும். பீப்பாயைக் காலிசெய்து பார்க்க முடியாத இடத்தில் நமக்கு இருக்கிற ஒரே பரிசோதனை அதுதான்.

என் பிழைப்பு மென்பொருள் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. பாட்டுச் செயலிகளின் பரிந்துரை முறைகளில் பரவலான ஒன்று, கேட்பவர்களையும் பாட்டுகளையும் ஒரு பெரிய அட்டவணையில் போட்டு, உங்களைப் போலவே கேட்பவர்கள் வேறென்ன கேட்கிறார்கள் என்று கணக்கிடுவது. வேலை நன்றாகவே நடக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் ‘ஏன்’ என்பதற்குக் கட்டம் கிடையாது. நீங்கள் நடுவில் நிறுத்திய பாட்டை, “இன்னொரு முறை கேள், இரண்டாவது நிமிடத்தில் ஒன்று இருக்கிறது” என்று அது வற்புறுத்தாது. ‘அவரவர் ரசனை’ என்ற வாக்கியத்தை எந்திரமாகச் செய்தால் இப்படித்தான் இருக்கும். அது நம்மோடு ஒருநாளும் சண்டை போடாது, நம்மை மாற்றவும் மாற்றாது.

அந்த வாக்கியம் எதற்காகப் பிறந்தது என்பதையும் மறக்கக் கூடாது. “நீ இன்னும் ‘க்ரீப்’தான் கேட்டுட்டிருக்கியா?” என்று உதட்டைச் சுழிக்கிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. அவர்களிடமிருந்து தப்பிக்க எளியவர்கள் எடுத்த கேடயம் அது. ஆங்கிலப் பாட்டு கேட்கிற தமிழ்ப் பையன்களுக்கு இந்தச் சுழிப்பு இரண்டு பக்கமும் பழக்கம். மேலே இருக்கிறவர் நம் பட்டியலைப் பார்த்துச் சுழிப்பார், நாம் பக்கத்து அறைக்காரன் பட்டியலைப் பார்த்துச் சுழிப்போம். கேடயத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உதட்டைச் சுழிப்பவர் ஆல்பத்தை ஒப்பிடுவதில்லை, ஆளைத்தான் ஒப்பிடுகிறார். அவர் எந்த நொடியையும் சுட்டிக்காட்டுவதில்லை. ஆகவே அவரிடமிருந்து தப்பிக்க, சுட்டிக்காட்டுகிற நண்பனையும் சேர்த்துத் துரத்த வேண்டியதில்லை.

அந்த அறைத்தோழனைச் சில வருடங்கள் கழித்துச் சென்னையில் பார்த்தேன். 2016-ல் ‘எ மூன் ஷேப்ட் பூல்’ வந்திருந்த சமயம். தொண்ணூறுகளிலேயே மேடையில் பாடிய ‘ட்ரூ லவ் வெயிட்ஸ்’ஸை இருபது வருடம் கழித்து அதில் ஸ்டுடியோ ஒலிப்பதிவாகச் சேர்த்திருந்தார்கள். பழைய கிட்டார் போய், பியானோ. இதை அவன் சும்மா விடமாட்டான் என்று ஆசையாகத் தொடங்கினேன். “உனக்குப் புடிச்சிருக்கா? நல்லது மச்சான். அவரவர் ரசனைதானே” என்றான். அன்பாகத்தான் சொன்னான். எனக்கு வலித்தது. முன்பெல்லாம் நான் என்ன கேட்கிறேன் என்பது அவனுக்கு முக்கியமாக இருந்தது, ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து சண்டை போடுமளவுக்கு. இப்போது என்னை என் விருப்பத்தோடு பத்திரமாகத் தனியே விட்டுவிட்டான்.

அதனால் ஒப்பிடுவதை ஒரு கடமை என்றே சொல்வேன், இரண்டு நிபந்தனைகளோடு. தீர்ப்புச் சொல்கிறவர் இடத்தைக் காட்ட வேண்டும். தீர்ப்பைக் கேட்கிறவர் அந்த இடத்துக்குப் போய் மறுபடி கேட்க வேண்டும். பட்டியலில் எது முதலில் வருகிறது என்பது கடைசிவரை தீராமலே போகட்டும், பரவாயில்லை.

அடுத்த முறை உங்களுக்கு உயிரான ஆல்பத்தை யாராவது மட்டம் என்றால், கோபப்படாதீர்கள், விட்டும் கொடுக்காதீர்கள். ஹெட்போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, “எந்த இடத்துல?” என்று மட்டும் கேளுங்கள்.