செந்தில் சிரிப்பதே இல்லை

நகைச்சுவையாளர் என்றால் நிறைய ஜோக் சொல்பவர் என்று நினைத்துக்கொள்கிறோம். வாட்ஸப் குழுவில் ஒரு நாளைக்கு இருபது ஜோக் அனுப்புகிற மாமா எல்லோர் வீட்டிலும் உண்டு. அவரை யாரும் நகைச்சுவையாளர் என்று சொல்வதில்லையே, ஏன்?

1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் செய்யும் கிந்தனார் காலட்சேபத்தைப் பார்த்தால் ஒரு பதில் கிடைக்கிறது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போய், 1947இல் விடுதலையாகி வந்தவர் அவர். கசப்பைக் கொட்டியிருந்தால்கூட யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ பாகவதராக நின்று கதை சொல்கிறார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கதை அன்றைய ரசிகர்களுக்கு மனப்பாடம், 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் வந்திருந்தார்கள். அதே பாணி, அதே உருக்கம். ஒன்றே ஒன்றுதான் மாறுகிறது. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான்; கிந்தன் படிக்க ஏங்குகிறான், ரயிலேறிப் பட்டணம் போகிறான்.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், முழு ப்ரோக்ராமையும் அப்படியே விட்டுவிட்டு ஒரே ஒரு வேரியபிளை மாற்றியிருக்கிறார். சிரிப்பு வருகிறது. ஆனால் யாரைப் பார்த்து? கிந்தனைப் பார்த்து இல்லை, பாகவதரைப் பார்த்தும் இல்லை. நந்தன் கதைக்கு அத்தனை காலம் கண்ணீர் விட்டும், அந்த மனுஷன் பள்ளிக்கூடம் போகணும் என்று ஒருதரம்கூடத் தோன்றாத நம்மைப் பார்த்துத்தான். வந்த ஜோக்கை அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிற மாமாவால் இது முடியாது.

உடனே ஒரு ஃபார்முலா போடுவார்கள்: மேலே இருப்பவனை அடித்தால் நல்ல நகைச்சுவை, கீழே இருப்பவனை அடித்தால் கெட்டது. எனக்கு அது போதவில்லை. 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியில் அடி வாங்குவது கீழே இருக்கிற செந்தில்தான். ரெண்டு பழம் வாங்கச் சொன்னால் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், அதுதான் இது என்கிறார். ஒரே பொருளுக்கு ரெண்டு பாயின்டர். சி படித்தவர்களுக்கு இந்த பக் நன்றாகவே புரியும். கவுண்டமணி கத்துகிறார், அடிக்கிறார். செந்தில் அசைவதில்லை. ஒரு தடவைகூடச் சிரிப்பதும் இல்லை. தான் சொல்வதே நியாயம் என்று முழுசாக நம்புகிற முகம். (இதே ஜோடியின் வேறு படங்களில் உருவத்தைச் சொல்லித் திட்டும் வசனங்கள் ஏராளம். அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.)

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், தென் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பையனின் ஆங்கிலத்தை மேலதிகாரி ஒருவர் தினமும் நடித்துக் காட்டுவார். முதலில், சத்தமாகச் சிரிப்பது அந்தப் பையன்தான். அது நகைச்சுவை உணர்வு இல்லை, கப்பம். சிரித்தால்தான் அந்த டீமில் காலம் தள்ள முடியும். "ஜோக்குதானே, ஏன் சீரியஸா எடுத்துக்கிற" என்கிற வாக்கியம் கப்பம் வசூலிக்கிறவர் வாயிலிருந்துதான் வரும், கவனித்துப் பாருங்கள்.

ஒருநாள் அவன் சிரிக்கவில்லை. நடிப்பு முடிந்ததும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "சார், கடைசி வார்த்தை சரியா கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்றான். அவர் சொன்னார். "சார், இன்னும் ஒரே ஒரு தடவை?" மூன்றாவது முறை அவர் குரல் இறங்கிவிட்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் நிமிராமல் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.