ஏப்ரலுக்கு ஒரு செவ்வந்தி

செவ்வந்திக்கு இருட்டு வேண்டும். இரவு நீண்டால்தான் மொட்டுக் கட்டும். பூப்பைத் தள்ளிப்போட நினைக்கும் விவசாயிகள் நடுராத்திரியில் வயலில் பல்பைப் போடுகிறார்கள். அந்த வெளிச்சம் நீண்ட இரவை இரண்டு குட்டி இரவுகளாக முறித்துவிடும். செடி கோடைதான் என்று நம்பி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். மும்பையில் எங்கள் லேபர் கேம்ப் சந்திலும் இதைப் பார்க்கலாம். தெருவிளக்கின் கீழ் இருக்கும் தொட்டி பிந்திப் பூக்கிறது, சுவர் மறைவில் இருப்பது முந்திக்கொள்கிறது. இரண்டும் ஒரே தாயிடம் ஒடித்து நட்ட கிளைகள்.

*

மும்பையில் டிசம்பர் மாதப் பகல் சுமார் 11 மணி நேரம், ஜூனில் 13 மணி நேரத்துக்குச் சற்று மேல். அதனால் டிசம்பர் 6 அன்று இங்கிருந்து தாதர் சைத்யபூமிக்குப் போகிறவர்களுக்குச் செவ்வந்தி தாராளமாகக் கிடைக்கும். பாபாசாகேப் அம்பேத்கர் மறைந்த நாள் செவ்வந்தியின் பருவத்துக்குள் விழுகிறது. அவர் பிறந்த ஏப்ரல் 14 அப்படி இல்லை. அன்று பகல் பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டிவிடும், வெயிலும் ஏறியிருக்கும். வரத்துச் சுருங்கும். படத்துக்கு மாலை கட்டுகிறவர்கள் கேந்திப்பூவோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

ஏப்ரல் வெயிலில் பூக்கிற ஒரு செவ்வந்தி. எனக்கு இந்த ஆசை வந்து வெகுகாலமாகிறது.

*

நடக்காத காரியம் இல்லை. லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் பூக்கும் பருவத்தையே குறியாக வைத்து ரகங்களைப் பிரித்தெடுத்தார்கள். வசந்திகா, வர்ஷா, மேக்தூத், சரத் மாலா என்று பெயர்களிலேயே பருவம் இருக்கிறது. குளிர்காலத்துக்கு மட்டுமே உரியது என்று நினைத்த செடிக்குள் மற்ற மாதங்களும் இருந்திருக்கின்றன.

செவ்வந்தியில் ஒன்பது ஒன்பதாக ஆறு தொகுதி, மொத்தம் 54 குரோமோசோம்கள். எந்தக் குணம் எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்வதும் இல்லை. அயல் செடி வந்தால்தான் விதை. ஆகவே விதையிலிருந்து வரும் பிள்ளை எதுவும் தாயைப் போல இருக்காது. கிளையை ஒடித்து நட்டால் அச்சு அசலாகத் தாயேதான். புதியது வேண்டுமானால் விதை, கிடைத்ததைக் காப்பாற்ற வேண்டுமானால் கிளை. இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில்தான் ரகம் உருவாக்குகிறவரின் வாழ்க்கை முழுவதும் ஓடுகிறது.

*

கலப்பில் கை செய்யும் வேலை கொஞ்சம்தான். நாம் ஒரு பூ என்று சொல்வது பல சிறு பூக்களின் கூட்டம். வெளிவட்டத்தில் இதழ் நீண்டவை பெண் பூக்கள். நடுவில் பொத்தான்போல இருப்பவற்றில்தான் மகரந்தம். தாய்ப்பூவின் இதழ்களைச் சின்னக் கத்தரிக்கோலால் அடிவரை கத்தரித்தால் சூல்முடிகள் வெளியே தெரியும். இன்னொரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்து, பூவைக் காகித உறையால் மூட வேண்டும். அடுக்கு மிகுந்த பூவில் நடுப்பொத்தான் அநேகமாக இருக்காது. எனவே தந்தையாக அடுக்குக் குறைந்த, பார்வைக்கு எளிய பூவைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அழகான பூவை அழகில்லாமல் ஆக்கித்தான் வேலை தொடங்குகிறது. முதல் தடவை கத்தரிக்கும்போது மனம் கூசியது.

பிறகு விதை முற்றும் வரை காத்திருப்பு. நாற்று விட்டு, பூ பார்க்க ஏறக்குறைய ஒரு வருடம். பார்த்த பிறகு பெரும்பாலானவற்றைக் கழிக்க வேண்டும். அவையும் நல்ல செடிகள்தான். கழிக்க மனம் வராதவர் தொட்டிகளை நிரப்பிக்கொள்வார், ரகம் எதையும் பெறமாட்டார்.

*

எங்கள் சந்தில் பூக் கட்டும் அக்காவிடம் ஒரு புதுப் பூவைக் காட்டினேன். செம்பழுப்பு, நுனியில் மஞ்சள். அவர் நிறத்தைப் பார்க்கவே இல்லை. தலைகீழாகப் பிடித்து உதறினார். காம்பை நகத்தால் அழுத்தினார்.

“கலரு கெடக்கட்டும் தம்பி. நாருல இறுக்குனா கழுத்து ஒடியாம நிக்குமா? சாயங்காலம் வரைக்கும் எதழு கொட்டாம இருக்குமா?”

அன்றிலிருந்து என் குறிப்புப் புத்தகத்தின் வரிசை மாறியது. உலகச் சந்தைக்காக வளர்க்கும் செவ்வந்தி ஜாடியில் நிற்க நீண்ட தண்டு தேடுகிறது. கண்காட்சிக்காரர் பெரிய தலை தேடுகிறார். நம் ஊர்ச் செவ்வந்தியோ எடைக்கு விற்கும் உதிரிப்பூ. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2, மதுரையின் எம்.டி.யு 1, மகாராஷ்டிர வயல்களின் ஜிப்ரி, சோனாலி தாரா எல்லாம் மூட்டையில் பயணம் செய்து, கூடையில் கொட்டப்பட்டு, ஊசியோ நாரோ தாங்கியாக வேண்டும். அதை முழுதாக அறிந்தவை பூக் கட்டும் விரல்கள்தான்.

*

நிறத்தின் ஆசையும் விட்டுப்போகவில்லை. வெள்ளைச் செவ்வந்தியைப் பற்றி ஜப்பானில் அகேமி ஓமியா குழுவினர் 2006-இல் கண்டு சொன்னதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வெள்ளைப் பூவின் இதழிலும் மஞ்சள் நிறமி உண்டாகிறது. ஒரு நொதி அதை உடைத்துவிடுகிறது. அந்த நொதியை அடக்கியபோது வெள்ளைச் செடி மஞ்சளாகப் பூத்தது.

நீலம் மட்டும் செவ்வந்தியின் குலத்திலேயே இல்லை. 2017-இல் நவோனோபு நோடா குழுவினர் இரண்டு மரபணுக்களைச் சேர்த்து நீலச் செவ்வந்தியை உண்டாக்கினார்கள். அவற்றில் ஒன்று நம் வேலியோரச் சங்குப்பூவிடம் வாங்கியது. கொடியும் வளைவும் நீலமாக நிற்கும் அம்பேத்கர் ஜெயந்தி நாளில், சாயத்தில் முக்கிய வெள்ளைப் பூவுக்குப் பதிலாக அந்தப் பூ வந்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

*

மரபணுவைச் சேர்க்காமலும் செடியை மாற்றலாம். செம்பூருக்கு அப்பால் டிராம்பே அணு ஆய்வு மையத்தில் காமா கதிர் பாய்ச்சி நிலக்கடலையையும் உளுந்தையும் மாற்றியிருக்கிறார்கள். லக்னோவில் எஸ்.கே. தத்தா போன்றவர்கள் வேர்விட்ட செவ்வந்திக் கிளைகளுக்கு அதே கதிரைக் காட்டினார்கள். மாற்றம் பெரும்பாலும் ஒரு கிளையிலோ சில இதழ்களிலோ மட்டும் தெரியும். அந்த இதழைத் துணுக்காக்கித் திசு வளர்ப்பில் முழுச் செடியாக மீட்டார்கள். கதிர் ஏதும் இல்லாமலே சில சமயம் கிளை நிறம் மாறிப் பூக்கும். அதைக் கவனித்து ஒடித்து வைக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவே.

*

2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டப்படி விவசாயியும் தன் ரகத்தைப் பதியலாம். தனித்து நிற்கிறதா, எல்லாச் செடியும் ஒன்றுபோல் இருக்கிறதா, தலைமுறை மாறியும் குணம் நிலைக்கிறதா என்று சோதிப்பார்கள். நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிடுவார்கள். தேவையான சோதனைகள், நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்தச் சந்தில் முதல் சோதனை வேறு. இந்த முறை நாற்றில் முந்திப் பூப்பவற்றை அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். காலையில் கட்டட்டும். மாலையில் சரத்தில் எது மிஞ்சுகிறதோ அதன் தாய்ச் செடியில் மட்டும் கிளை ஒடிப்பேன். நிறத்தை அதற்கப்புறம் எழுதிக்கொள்ளலாம்.