எட்டத்து அரசும் கிட்டத்து அரசும்

தொலைவில் நிகழும் தவறு கண்டு கொதிப்பது அறமாகுமா? ஆகும் என்பர் பலர். அருகில் நிகழும் தவறு கண்டு வாய்மூடிக் கிடப்பவன், தொலைவில் நிகழ்வது கண்டு மட்டும் கொதித்தால், அந்தக் கொதிப்புக்கு என்ன பெயரிடுவது? கேள்வி சிறிது, விடையோ எளிதன்று. எவரோ ஒருவரைப் பற்றிய கேள்வியுமன்று இது. செய்தி கேட்கும் பழக்கமுள்ள ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டு எண்ணிப் பார்த்திட வேண்டியது.

கடலூர் மஞ்சக்குப்பத்திலே, திருப்பாதிரிப்புலியூரிலே, புதுப்பாளையத்திலே, எந்தத் தெருவில் நுழைந்தாலும் அந்தப் பெரியவரைக் காணலாம். அரசு அலுவலகத்தில் முப்பதாண்டுக் காலம் கோப்புகளோடு குடும்பம் நடத்தி, மாலையும் சால்வையும் பெற்று, ஓய்வூதியத்தோடு வீடு திரும்பியவர். 1941ஆம் ஆண்டில் தொடங்கிய பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பு, 2017 ஏப்ரல் 30ஆம் நாளன்று வானொலியில் ஓய்ந்திடும் வரை, சிற்றலை இரைச்சலுக்கு நடுவிலும் 'தமிழோசை'க்குச் செவிசாய்த்தவர். இன்று அவர் முன்னே தொலைக்காட்சி. இலண்டன் நாடாளுமன்றத்து நடவடிக்கை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது என்று 2016 சூன் 23ஆம் நாள் பிரிட்டன் மக்கள் வாக்களித்தபோது, விலகுவோர் பக்கம் நூற்றுக்கு 51.9 என்பார். லிஸ் டிரஸ் அம்மையார் தலைமை அமைச்சராக இருந்தது 49 நாட்களே என்று கூறி நகைப்பார். அங்கே அப்படிச் செய்திருக்க வேண்டும், இங்கே இப்படித் திருத்தியிருக்க வேண்டும் என்று தீர்ப்பளிப்பார்.

சிதம்பரத்துத் தேரோடும் வீதியிலே அவருக்கு ஒரு நண்பர். ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர் கேட்பார்: "ஐயா! இலண்டனில் எவர் ஆண்டால் உமக்கென்ன? அங்கே உமக்கு வாக்குரிமை உண்டா? உமது தெருச் சாக்கடையை அவர்களா தூர்வாரப் போகிறார்கள்? வெறும் வாய்க்கு அவல் தேடுகிறீரே!"

இருவரில் எவர் பக்கம் நியாயம்? அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறிடல் ஆகாது. முதலில், கடலூர்ப் பெரியவருக்காக வழக்காடிப் பார்ப்போம்.

இலண்டனுக்கும் கடலூருக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் எடுத்துக் கொள்வது? பீரங்கியை முழக்கினர், குண்டு விழுந்த தொலைவு வரை உள்ள ஊர்களெல்லாம் தமக்கே என்றனர். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அவ்வாறு பிறந்தது. அங்கே உழுது கொண்டிருந்தவனை எவரும் கருத்துக் கேட்கவில்லை. சென்னைக் கோட்டை 1746இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின், தென்னாட்டில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்ததும் இந்தக் கடலூர்க் கோட்டைதான். பின்னர் 1773இல் ஒரு சட்டம், 1858இல் ஒரு சட்டம் என்று, நம்மை எப்படி ஆள்வது என்பதை நம்மில் ஒருவரும் வாக்களித்திராத மன்றத்தில் எழுதினர். நம் அடுப்பில் உலை கொதிப்பதும் அணைவதும் அங்கே எழுதப்பட்ட காலம் அது. அந்த மன்றத்தைப் பற்றிக் கருத்துக் கூற, கடலூர்க்காரனுக்கு உரிமை இல்லையென்றால் வேறு எவனுக்கு உண்டு?

பழங்கதை போகட்டும். பிரிட்டனில் வேலை பார்க்கச் செல்லும் வெளிநாட்டாருக்கான ஆண்டு ஊதிய வரம்பு, 2024 ஏப்ரலில் 26,200 பவுனிலிருந்து 38,700 பவுனாக உயர்த்தப்பட்டது. அங்கே எழுதப்பட்ட அந்த ஒரு வரி, இங்கே எத்தனை வீட்டுக் கணக்கைக் குலைத்திருக்கும்! அங்கு முறையாகக் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமையும் உண்டு. தந்தை கடலூரில் இருந்து தீர்ப்புக் கூறுவார். மகனோ இலண்டனில் வாக்குச்சீட்டில் குறியிடுவான். எனவே, "உமக்கென்ன?" என்ற சிதம்பரத்தாரின் கேள்வி, கேட்க இனிக்கிறதேயன்றி வழக்கில் நிற்பதாக இல்லை.

இன்னொரு வாதமும் உண்டு; அதுதான் வலுவானது. நல்லது எது என்று அறியாதவன், தன் ஊரில் உள்ள கெட்டதைக் கெட்டதென்றே உணரமாட்டான். அளப்பதற்கு ஒரு படி வேண்டும். அந்தப் படி வெளியூரிலிருந்து வந்தாலென்ன? பிரிட்டனிலேகூட, நாடாளுமன்றத்தில் அடுத்த 14 நாட்களில் விவாதத்துக்கு வரவிருக்கும் பொருள் பற்றி வானொலியும் தொலைக்காட்சியும் பேசக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. சூயஸ் நெருக்கடி மூண்ட 1956ஆம் ஆண்டில்தான் அது தளர்ந்தது. மக்கள் சபைக்குள் தொலைக்காட்சிக் கருவி நுழைந்தது 1989இல்தான். கேள்வி கேட்கும் உரிமை அங்கேயும் வானத்திலிருந்து விழவில்லை, படிப்படியாகப் பெறப்பட்டது. உறுப்பினர்கள் பொதுப்பணத்தில் எழுதிய செலவுக் கணக்கு 2009இல் வெளிப்பட்டபோது, தம் வீட்டுக் குளத்து வாத்துகளுக்கு அமைத்த கூட்டுக்கு 1,645 பவுன் கேட்டிருந்தார் ஒருவர் என்பதை அறிந்து நாடே கைகொட்டிச் சிரித்தது. அந்தத் தொகை கொடுக்கப்படவில்லை. எனினும் கேட்டதே இழுக்கு என்றனர் மக்கள். அந்தக் கொந்தளிப்பில் சபாநாயகரே பதவி விலக நேர்ந்தது. 1695க்குப் பின் அப்படி நேர்ந்தது அதுவே முதன்முறை. இவற்றையெல்லாம் அறிந்திருப்பது தவறா? தவறன்று; நன்று!

வழக்கு வென்றுவிட்டதா? இல்லை, அன்பர்களே! இனிமேல்தான் குறுக்கு விசாரணை.

படி வாங்கி வைத்தீர், சரி, அளந்தீரா? அதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்கு அருகே, புவனகிரி ஒன்றியத்தில், தெற்குத் திட்டை என்றொரு ஊராட்சி. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பெண்மணி. ஊராட்சிக் கூட்டத்திலே மற்றவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, தலைவர் மட்டும் தரையிலே அமர்த்தப்பட்டார். அந்தப் படம் 2020 அக்டோபரில் நாடெங்கும் பரவிய பிறகே வழக்குப் பதிவாயிற்று. அதிகாரிகள் ஓடோடி வந்தனர். படம் வெளிவருவதற்கு முன்பு? கூட்டத்தில் இருந்தோர் கண்களுக்கு அந்தத் தரையும் தெரிந்தது, நாற்காலியும் தெரிந்தது, நாக்குத்தான் எழவில்லை. சட்டம் தந்த நாற்காலியைச் சாதி பறித்துக் கொண்டது. சுற்றியிருந்தோரின் வாய்மூடல் அதற்குத் துணை நின்றது.

ஈராண்டு கழித்து, 2022 அக்டோபர் 25ஆம் நாள், இந்திய வழிவந்த ரிஷி சுனக் பிரிட்டனின் தலைமை அமைச்சரானார். எத்துணை மகிழ்ச்சி நம் தெருக்களிலே! வெள்ளையர் நாட்டில் நம்மவருக்கு நாற்காலி என்று பூரித்தோர் எத்தனை பேர்! பூரிக்கட்டும். ஆனால், நிறம் பாராமல் அங்கே நாற்காலி தந்ததைப் போற்றும் நாவு, சாதி பார்த்து இங்கே நாற்காலி மறுத்ததைக் கண்டிக்க எழாவிட்டால், அந்தப் போற்றுதலுக்கு மதிப்பென்ன? பிறர் வீட்டு விளக்கை மெச்சிக் கொண்டே, தன் வீட்டு இருளில் உறங்குவதற்கு ஒப்பாகாதா அது?

ஏன் இப்படி? பெரியவர் தீயவரல்லர். தொலைவில் உள்ளவனைத் திட்டினால் விலை கொடுக்க வேண்டியதில்லை, அதுதான் காரணம். போரிஸ் ஜான்சன் என்ன செய்வார் அவரை? உள்ளூர் ஒப்பந்தக்காரரோ தூரத்து உறவினர். வார்டு உறுப்பினரோ மருமகனின் தோழர். நாளை ஒரு சான்றிதழுக்கு அதே அலுவலகத்துப் படியேற வேண்டும். கேள்வி கேட்டால் பகை வரும். பகை வந்தால் வீட்டுக் கதவு வரை வரும். அந்த அச்சம் பொய்யன்று. நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன்: விலை கொடுக்காத கோபம், அறத்தின் சாயலே தவிர, அறமாகாது.

கண்ணகியை எண்ணிப் பாருங்கள். பிறந்தது புகாரிலே, குற்றம் நிகழ்ந்தது மதுரையிலே. புகாருக்குத் திரும்பிப்போய், பாண்டியன் ஆட்சி பழுதுபட்டது என்று திண்ணையில் அமர்ந்து பேசினாளா? தீர்ப்பளித்தவன் வாயிலுக்கே சென்றாள். சிலம்பை உடைத்துக் காட்டினாள். குற்றம் நிகழ்ந்த இடத்தில், குற்றம் செய்தவன் முகம் நோக்கிக் கேட்டதால்தான் அவள் கேள்வி காப்பியமாயிற்று.

ஓய்வு பெற்றோருக்கு இந்தக் கடமை பிறரினும் கூடுதல் என்பேன். பணியில் இருந்தபோது நடத்தை விதிகள் அவர் வாய்க்குப் பூட்டிட்டன. தமிழ்நாட்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, அரசைக் குறைகூறலாகாது என்றன. ஓய்வு நாளன்று பூட்டுக் கழன்றது. ஓய்வூதியம் எவரோ இடும் பிச்சையன்று, செய்த பணிக்கு உரிய உரிமை என்று உச்சநீதிமன்றம் 1982 டிசம்பர் 17ஆம் நாள், நகாரா வழக்கில் தீர்ப்பளித்தது. மாற்றல் ஆணை இல்லை, மேலதிகாரி இல்லை, வருவாயோ உறுதி. நாள் முழுதும் கூலிக்கு அலைபவனைவிட, இவருக்கன்றோ கேட்பதற்கு நேரமும் காப்பும் மிகுதி! அதனினும் பெரிய செல்வம் ஒன்று அவரிடம் உண்டு: கோப்பு எங்கே தூங்கும், எந்த விதியைக் காட்டினால் எழும் என்ற அறிவு. மக்கள் வரிப்பணத்தில் கற்ற கல்வி அது. மக்களுக்கே திரும்பத் தராமல், பெட்டிக்கு முன்னே அமர்ந்து வீணடிக்கலாமா?

இலண்டன் செய்தியைப் பார்க்காதீர் என்று சொல்ல வரவில்லை. பாருங்கள், முழுவதும் பாருங்கள்! அஞ்சல் நிலையக் கணினி ஊழல் பற்றிய செய்தியும் அங்கிருந்துதான் வந்தது. ஹொரைசன் என்ற கணினிமுறை தவறாகக் காட்டிய பணக்குறைவால், சிறு அஞ்சல் நிலையம் நடத்திய 900க்கும் மேற்பட்டோர் திருட்டும் மோசடியும் செய்ததாகத் தண்டிக்கப்பட்டனர். சிறை சென்றோர் உண்டு. வழக்கு முடியுமுன் மறைந்தோர் உண்டு. நாடு விழித்துக் கொண்டது 2024 சனவரியில், தொலைக்காட்சி நாடகம் ஒன்றைக் கண்ட பிறகு. அவ்வாண்டு மே திங்களில் தண்டனைகளை நீக்கச் சட்டமே வந்தது. நாடகம் வென்றது என்று பேசுகிறோம். ஆனால் நாடகத்துக்கு முன்னே? வேல்சு நாட்டுக் கடற்கரை ஊரில் அஞ்சல் நிலையம் நடத்தி, 2003இல் அதை இழந்த ஆலன் பேட்ஸ் என்பவர் இருந்தார். 2009ஆம் ஆண்டில், ஒரு சிற்றூர் மண்டபத்தில், தம்மைப்போல் இழந்தவர்களை ஒன்றுகூட்டினார். பத்தாண்டு போராடி, 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றத் தீர்ப்பை வென்றனர், 555 பேர் ஒன்றாக நின்று. பார்த்தவர்கள் கோடி, மாற்றியவர்கள் அந்த மண்டபத்தில் கூடியவர்கள். தனியொருவனை அச்சுறுத்தலாம், கூடி நிற்போரை அச்சுறுத்துவது கடினம் என்பதே அந்தச் செய்தி தரும் பாடம்.

அத்தகைய மண்டபம் நமக்கும் உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராமசபை கூடுகிறது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் உண்டு. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாட்களில் விடை. உப்பனாற்றங்கரை ஊர்மக்கள் சிப்காட் ஆலைகளின் கழிவு பற்றி ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகின்றனர். அவர்களுக்கு மனு எழுதத் தெரிந்த கை வேண்டும். வீராணத்து நீர் சென்னைக்குப் போகிறது. ஏரியில் படிந்த வண்டல் எவ்வளவு, தூர்வாரச் செலவிட்டது எவ்வளவு என்று கேட்கக் கணக்குத் தெரிந்தவர் வேண்டும். தரையில் அமர்த்தப்படும் தலைவர் இனி எந்த ஊரிலேனும் இருப்பாரானால், "அம்மா, எழுந்து நாற்காலியில் அமருங்கள், அது உங்களுடையது" என்று சொல்ல ஒரு நரைத்த தலை வேண்டும்.

கடலூர்ப் பெரியவரே, உமது அறிவு பெரிது. சிதம்பரத்து நண்பரே, உமது கேலி கூர்மையானது. அறிவு தொலைவோடு நின்றுவிட்டால் பயனில்லை. கேலி அறிவையே வேண்டாமென்று தள்ளினாலும் பயனில்லை. இருவரும் சேர்ந்து, அடுத்த கிராமசபை நாளன்று ஒரே ஒரு கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு செல்லுங்கள். விடை வரும் வரை அமர்ந்திருங்கள். அதன் பிறகு இலண்டனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். அப்போது உங்கள் சொல்லுக்கு எடை இருக்கும்!