உச்சிக்குழி

அம்பத்தூரில் நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில் பெண் குழந்தை பிறந்திருந்தது. மூன்றாம் நாள் காணச் சென்றோம். குழந்தையின் தலை பின்புறமாக நீண்டு, சுரைக்காயைப் போன்றிருந்தது. தாய்வழிப் பாட்டி உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு அத்தலையை உருட்டிச் சீராக்க முனைந்தார். ஆவடியிலிருந்து வந்திருந்த குழந்தையின் அத்தைப் பாட்டி, மகப்பேற்றுச் செவிலியராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், “அக்கா, கையை எடுங்க. அது தானா உருண்டையாகும். வழி தேடி வந்த தலை, அப்படித்தான் இருக்கும்” என்றார். பாட்டிக்கு முகம் சுண்டிவிட்டது. தாம் பெற்ற நால்வருக்கும் தலையை உருட்டியவர் அவர்.

‘வழி தேடி வந்த தலை’ என்ற சொல் நம்மோடு வீடு வரை வந்தது. மனிதனின் உறுப்புகளில் இறுகிய காவல் உடையது மண்டை. ஆயினும் பிறக்கும் வேளையில் அது முடிந்த கட்டடமன்று. நெற்றியில் இரண்டு, பக்கங்களில் இரண்டு, பிடரியில் ஒன்று என அதன் கூரை எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், மெல்லிய சவ்வினால் மட்டும் இணைந்து நிற்கின்றன. அவை கூடும் இடங்களில் இரு வெளிகள் உள்ளன. முன்னுள்ளது நான்கு மூலை கொண்டது. நாம் உச்சிக்குழி என்பது அதைத்தான். ஏறத்தாழ ஒன்றரை வயதில் அது மூடும். பின்னுள்ளது மூன்று மூலை கொண்டது; இரண்டு மாதத்திற்குள் மறைந்துவிடும். தாயின் இடுப்பெலும்பு வளையத்தைக் கடக்கையில் இவ்வெலும்புகள் ஒன்றன் விளிம்பின் மேல் ஒன்று ஏறித் தலையைக் குறுக்கிக் கொடுக்கின்றன. பிறந்தபின் அவை தத்தம் இடத்திற்குத் திரும்புகின்றன.

குழந்தை முகவாயை மார்போடு சேர்த்துக் குனிந்து வந்தால், வழியில் நுழையும் தலையின் அளவு ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர். தலையை நிமிர்த்தி நெற்றியைக் காட்டி வந்தாலோ அது 13.5 ஆகிவிடும், அந்நிலையில் நிறைமாதக் குழந்தை பொதுவாக வெளிவர இயலாது. விரல் நுனியில் மூன்று மூலைக் குழி தட்டுப்பட்டால் தலை குனிந்திருக்கிறது என்றும், நான்கு மூலைக் குழி நடுவே தட்டுப்பட்டால் கவலைப்பட வேண்டும் என்றும் அந்த அத்தைப் பாட்டி நமக்கு விளக்கினார். கண் காணாத இடத்தில் விரல் படிக்கும் எழுத்து அது.

அந்த எழுத்து ‘வழியில்லை’ என்று சொன்னால் என்ன செய்வது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவர் பலர் செய்ததைச் சொல்லவே நா கூசுகிறது. குழந்தையின் மண்டையைத் துளைத்து, நொறுக்கி, வெளியே இழுத்துத் தாயைக் காத்தனர். அன்று வயிற்றைக் கீறி எடுத்தால் தாய் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆதலின் அவர்களைக் கொடியவர் என்று ஒதுக்கிவிட முடியாது. எதுவும் செய்யாதிருந்தால் இருவருமே மாள்வர் என்பது அவர்கள் வாதம். 1884-இல் லியோன் பேராயரின் வினாவுக்கு உரோமை மறுமொழி தந்தது. இம்முறை முறையானதே என்று கத்தோலிக்கக் கல்விக்கூடங்களில் கற்பிப்பது பாதுகாப்பானதன்று என்றது. 1889-இல் அதையே மீண்டும் உறுதிப்படுத்தியது.

மாசற்ற ஓர் உயிரை நேராய்க் கொன்று மற்றோர் உயிரைக் காத்தல் ஆகாது என்னும் நெறியை நாம் ஏற்கிறோம். எனினும் அதை எழுதியவர் எவரும் பேறுகால வேதனையில் கிடந்தவரல்லர் என்ற எண்ணம் நம்மை உறுத்தாமலில்லை. ‘இது ஆகாது’ என்று சொல்பவருக்கு ‘வேறெது ஆகும்’ என்று தேடும் கடமையும் உண்டன்றோ! அக்கடமையை நாம் விரைந்து செய்தோம் என்று சொல்ல இயலாது. நம் மாநிலத்தின் திண்டிவனத்தில் ஓர் இரவில், பேறுகால இடரில் இருந்த மூன்று இளம் பெண்களுக்காக அவர்தம் கணவன்மார் ஐடா ஸ்கடரைத் தேடி வந்ததும், ஆண் மருத்துவரான அவர் தந்தையை ஏற்க மறுத்ததும், மூவரும் மாண்டதும் பலர் அறிந்தவை. ஐடா மருத்துவம் பயின்று வந்து வேலூரில் பணியைத் தொடங்கினார். நம் திருச்சபையிலோ, துறவறச் சகோதரிகள் மகப்பேறு பார்ப்பதற்கிருந்த தடை பொதுவாக நீங்கியது 1936-இல்தான். ஆண் மருத்துவரை அணுகாத பெண்கள் நிறைந்த நாட்டில் அத்தாமதத்தின் விலையைக் கொடுத்தவர் யாரெனக் கேட்காமலிருக்க முடியவில்லை.

மண்டையை நொறுக்குவதா என்ற வழக்கைத் தீர்த்தது தருக்கமன்று, தையல். 1882-இல் லைப்சிக் நகரின் மாக்ஸ் சேங்கர், கீறிய கருப்பையை வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் தைத்து மூடும் முறையை வெளியிட்டார். அதன்பின் தாயும் சேயும் ஒருங்கே பிழைக்கும் வழி படிப்படியாய் அகலமாயிற்று. சென்னையில் 1844-இல் தொடங்கி, பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற அரசு மகப்பேறு மருத்துவமனையும், அங்குப் பணியாற்றிய ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரின் மகப்பேற்று மருத்துவ நூலும் இக்கலையை நம் மருத்துவர் தலைமுறைகளுக்குக் கற்பித்தன. ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் தலை இறங்காத பிள்ளை என்றால் எழும்பூருக்கு ஓடியவர் நம்மில் எத்தனை பேர்!

இன்று நிலை தலைகீழ். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஏறத்தாழ 45 விழுக்காட்டுப் பிள்ளைகள் அறுவையால் பிறக்கின்றனர். தனியார் மருத்துவமனைகளில் அது பாதியையும் தாண்டுகிறது. 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் போவதற்கு நியாயமில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1985-இல் கூறியது. இப்போது அந்நிறுவனம் எந்த எண்ணையும் இலக்காக வைக்காமல், தேவைப்படும் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. அறுவையை நாம் பழிக்கவில்லை. தேவைப்பட்டபோது அதற்குத் தயங்கியவர்களின் கல்லறைகள் நம் ஊர்களில் உண்டு. நம்மை வாட்டுவது வேறு. இடம் விட்டு நெகிழ்வதற்கென்றே படைக்கப்பட்ட எலும்புகளுக்கு அவற்றின் வேலையைச் செய்ய நேரம் தருகிறோமா? மருத்துவரின் அவசரம் ஒருபுறமிருக்க, நாள்காட்டியைப் பார்த்து இராகு காலம் தவிர்த்து அறுவைக்கு மணி குறிக்கும் வழக்கம் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வரும் வீடுகளிலும் நுழைந்திருப்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அன்று தலை போக வழியில்லாமல் குழந்தை மாண்டது. இன்று வழி இருந்தும், வலி வருமுன்னரே நாம் குறித்த மணிக்குத் தாயின் வயிறு கீறப்படுகிறது. வலியைப் பொறுப்பவள் அவள் என்பதால் அவள் சொல்லே முதன்மையானது. ஆனால் மணி குறிக்கும் பேச்சில் அவளைக் கேட்டவர் நாம் அறிந்தவரை மிகச் சிலரே.

நாற்பது நாள் கழித்து அம்பத்தூர்க் குழந்தைக்குத் திருமுழுக்கு. பங்குத்தந்தை நீர் வார்க்கையில், நனைந்த மயிரினூடே உச்சிக்குழி மெல்லத் துடிப்பது தெரிந்தது. தலை நன்றாய் உருண்டிருந்தது. அத்தைப் பாட்டி மெல்லக் குனிந்து, “பாத்தீங்களா அக்கா, நான் சொல்லலை?” என்றார். பாட்டி குழந்தையின் பிடரியைத் தாங்கியிருந்த கையை அசைக்காமலே, “ரெண்டே நாள்தான் எண்ணெய் வச்சேன்” என்றார்.