தண்டவாளத்தில் ஒரு காசு

2009 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், பார்ன்ஸ்டபிளிலிருந்து பிடிஃபோர்டு வரை ஒரு பொம்மை ரயிலை ஓட்டிப் பார்த்தார்கள். நிஜ ரயில் நின்றுபோய் நடைபாதையாகிவிட்ட பழைய தடம், சுமார் 16 கிலோமீட்டர். தொலைக்காட்சியில் பேர்போன ஜேம்ஸ் மே கூப்பிட, நூற்றுக்கணக்கானோர் கூலி வாங்காமல் வந்து, முட்டி போட்டுத் தண்டவாளத் துண்டுகளைக் கோத்தார்கள். வண்டி பிடிஃபோர்டு போய்ச் சேரவில்லை. எஞ்சின்கள் வழியிலேயே பழுதாயின. போதாக்குறைக்கு யாரோ தண்டவாளத்தைத் திருடியிருந்தார்கள். யாரோ இரண்டு பென்ஸ் காசை வைத்து ஷார்ட் சர்க்யூட் ஆக்கியிருந்தார்கள்.

கணியூர்க்காரர் ஒருவருக்கு இந்தக் காசு மனதை விட்டுப் போகவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். பீஸில் ஒரு ஓட்டை கண்ணில் பட்டால் மிச்சத் துணி தெரியாமல் போவது போல, அந்த முயற்சியில் அவருக்கு மிஞ்சியது காசு மட்டும்தான்.

திருட்டு அவருக்குப் புரிகிறது. எடுத்தவன் வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்திருப்பான். காசு வைத்தவனுக்கு என்ன கிடைத்தது? கையிலிருந்த இரண்டு பென்ஸும் போயிற்று. அளவு மட்டும் கச்சிதம். அந்தப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர், காசின் விட்டம் 25.9. இரண்டையும் தொட்டபடி படுத்துக்கொள்ளும். மின்சாரம் மோட்டாருக்குப் போகாமல் காசு வழியாகவே திரும்பிவிடும்.

காசு வைத்த கை அவருக்குப் புதிதல்ல. மடத்துக்குளம் ஸ்டேஷன் பக்கம் மீட்டர்கேஜ் ஓடிய காலத்தில், ஓரம் நெளிந்த பத்துப் பைசாவை வைத்துவிட்டுப் புதருக்குள் பதுங்கிய பையன்களில் அவரும் ஒருவர். தண்டவாளத்தில் காதை வைத்து வண்டி வருகிறதா என்று கேட்பார்கள். நசுங்கிய காசு காந்தமாகிவிடும் என்பது வகுப்பே நம்பிய விஞ்ஞானம். அது அலுமினியக் காசு. எந்த ரயில் ஏறினாலும் காந்தமாகாது. தகடாகிப்போன பைசாவைக் கடையில் வாங்கவும் மாட்டார்கள். ஆனாலும் அந்தச் சூட்டோடு கையில் எடுக்கும்போது, அவ்வளவு பெரிய வண்டிக்கும் தனக்கும் ஏதோ கொடுக்கல் வாங்கல் நடந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அந்தப் பாதை அகலமாகி 2015-இல் ரயில் திரும்பி வந்துவிட்டது. மீட்டர்கேஜ் இப்போது தோட்டங்களில் ஓடுகிறது. ஜெர்மனியின் நியூரெம்பெர்க்கில் லேமன் நிறுவனம் 1968-இல் எல்ஜிபி என்ற பெயரில் தோட்ட ரயில்களை விற்க ஆரம்பித்தது. தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். அதை இருபத்திரண்டரையால் பெருக்கினால் ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதல். மடத்துக்குளத்தில் பார்த்த அதே கேஜ்தான், செடிகளுக்கு நடுவே வளைந்து போகிறது.

பார்ன்ஸ்டபிளில் கூலி வாங்காமல் தண்டவாளம் கோத்தவர்களை நினைத்தால் அவருக்கு வாய்க்கால் ஞாபகம் வரும். அமராவதியிலிருந்து பிரியும் கணியூர் ராஜவாய்க்காலைப் போன்றவற்றை ஊர்க்காரர்களே கூடித் தூர்வாரும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். அது மனமுவந்து செய்த வேலை என்றே நினைத்திருந்தார். 1858-இல் வெள்ளைக்காரன் அதற்குச் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான் என்று எங்கோ படித்த பிறகு குழப்பம் கூடியது. பாதி ஞாபகத்தில் இருக்கும் படிப்பு எப்போதும் இப்படித்தான், இடைஞ்சலான இடத்தில் வந்து நிற்கும். தூர்வாரினால் வயலுக்குத் தண்ணீராவது வரும், அதற்கே சட்டம் தேவைப்பட்டது. ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியத்திலிருந்து இன்வெர்னஸ் வரை 71 மைல் பொம்மைப் பாதை போட 56 பேர் தாமாகவே போனார்கள். 2018-இல் அது தொலைக்காட்சியில் வந்தது. எந்த வயலும் விளையவில்லை.

அங்கே ஓடியது நீராவி எஞ்சின். காசு வைத்தாலும் ஷார்ட் ஆகாது, தடுக்கும் அவ்வளவுதான். இந்தக் கணக்கையும் அவர் போட்டுப் பார்த்துவிட்டார்.

ஜேம்ஸ் மே 2011-இல் மறுபடி முயன்று பிடிஃபோர்டு வரை ஓட்டிக் காட்டினார். கணியூர்க்காரர் இதைச் சொன்னபோது அவர் மனைவி வேறொன்று கேட்டார்: "அந்தக் காசு வெச்சவனையும் ரெண்டு துண்டைக் கோக்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பானே?" வந்திருக்கலாம். பொதுவாகத்தானே கூப்பிட்டார்கள், அப்போது ஏன் வரவில்லை என்றும் தோன்றுகிறது. கோத்தவனுக்கும் காசு வைத்தவனுக்கும் வண்டியின் மேல் ஒரே ஆசைதானா, அல்லது பத்துப் பைசா வைத்த தன்னைக் காப்பாற்றத்தான் இப்படி நினைக்கிறோமா என்பதில் அவருக்கு இன்னும் தெளிவில்லை.