ரிக்கற் இல்லாத இடம்

தங்கச்சியின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்த மூன்றாம் நாளே வேலணையில் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாமல் போயிற்று. சாட்டிக் கடலில் குளித்தாயிற்று. குறிகாட்டுவானில் படகேறி நயினாதீவுக்கும் போய் வந்தாயிற்று. நாலாம் நாள் காலையில் புட்டுக்கு முன்னால் இருந்தபடி கேட்டான்: "மாமா, உண்மையான டாங்கி எங்க பாக்கலாம்?"

எட்டு வயது. ஆயுதத்தை விளையாட்டுத் திரையில் மட்டும் பார்த்தவன். என் மகளுக்குப் பத்து. இங்கேயே பிறந்தவள்தான், ஆனால் அவளுக்கும் சண்டை என்றால் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளை வந்ததும் நிறுத்திவிடும் ஒரு கதை. இரண்டு பேரையும் வானில் ஏற்றிக்கொண்டு ஆனையிறவுக்குப் புறப்பட்டேன்.

வழியில் யானைக் கதை சொன்னேன். வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவின் ஆழமில்லாத நீரில் இறக்கிக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்து, எங்கள் தீவின் மறுமுனையான ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள் பறங்கியரும் ஒல்லாந்தரும். கேய்ட்ஸ் என்ற பெயரே போர்த்துக்கேய மொழியில் கப்பல்துறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். "அப்ப நாங்கள் யானை வந்த பாதையால திரும்பிப் போறம்" என்றாள் மகள். யானைக் கதை எனக்கு வசதியாக இருந்தது. யானையைப் பற்றி எவ்வளவும் பேசலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றர். உப்பளக் காற்று முகத்தில் பிசுபிசுக்க, ஏ9 வீதியோரத்தில் அது நிற்கிறது. டாங்கி இல்லை, புல்டோசர். சுற்றிவர இரும்புத் தகடு அடித்துக் கவசமாக்கியது. 1991 யூலையில் ஆனையிறவு இராணுவ முகாமைப் பிடிக்கப் புலிகள் அனுப்பிய வாகனம். ஏணியில் தொற்றி ஏறி உள்ளே கைக்குண்டு போட்டு அதை நிறுத்தித் தானும் இறந்தவர் காமினி குலரத்ன என்ற சிங்களச் சிப்பாய். நாட்டின் மிக உயர்ந்த படைவிருதான பரம வீர விபூஷணய முதன்முதலில் அவருக்குத்தான் கிடைத்தது. அவருக்குச் சிலை இருக்கிறது, படம் இருக்கிறது, அவர் கதை எழுதிய பலகை இருக்கிறது. ரிக்கற் இல்லை, காசு இல்லை, கதவும் இல்லை. யாரும் நிறுத்தி யாரும் பார்க்கலாம். தென்னிலங்கையிலிருந்து வந்த பேருந்து ஒன்றிலிருந்து வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மருமகன் ஓடிப்போய்ச் சங்கிலிச் சில்லைத் தொட்டான். இரும்பு வெயிலில் கொதித்திருக்க வேண்டும், உடனே கையை எடுத்தான். பிறகு திரும்பிக் கேட்டான்: "இது ஆற்ற, மாமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் வழி முழுக்க யானையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "எங்கட" என்று சொல்லலாம். அந்த எங்களுக்குள் யார் யார் என்று அவன் கேட்டால்? "புலிகளின்ர" என்றால் அந்தச் சொல்லின் பின்னால் இன்னும் நூறு சொல் வேண்டும். "ஆமியின்ர" என்று இன்றைய உடைமையைச் சொல்லித் தப்பலாம், அது பொய்யுமில்லை. நான் தப்பவில்லை. தொடங்கினேன். ஒரு மாதம் நடந்த சண்டை, புலிகள் பக்கத்தில் மட்டும் 500 பேருக்கு மேல் இறந்தது, வெற்றிலைக்கேணிக் கடலால் படை வந்து இறங்கியது, 2000 ஏப்ரலில் முகாம் விழுந்தது, 2009 சனவரியில் மறுபடி கைமாறியது. பலகை ஒரு பக்கத்தைச் சொல்கிறது, ஆகவே மறு பக்கத்தை நான் சொல்லத்தானே வேண்டும் என்ற நியாயத்தோடு, கை நீட்டி நீட்டிச் சொன்னேன்.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "இல்ல மாமா, இத ஓட்டினது ஆர் எண்டு கேட்டன்."

அவனுடைய தமிழில் யாருடையது என்பதும் யார் ஓட்டியது என்பதும் ஒன்றாகிவிட்டிருந்தன. ஓட்டியவரைப் பற்றி அந்த இடத்தில் ஒரு சொல் இல்லை. என் நீண்ட சொற்பொழிவிலும் இல்லை. "உள்ளுக்க எத்தினை பேர் இருந்தவை? சரியான வெக்கையா இருந்திருக்குமே?" என்று அடுத்தது கேட்டான். 500 என்று இலக்கம் சொல்லத் தெரிந்த எனக்கு, இத்தனை வருடத்தில் அந்த இரும்புக்குள் இருந்திருக்கக்கூடிய வெக்கையை நினைக்கத் தோன்றவில்லை. மகள் அதற்குள் சிலையடிக்குப் போய்விட்டாள். "இவற்ற அம்மா இப்பவும் இருக்கிறாவோ அப்பா?" என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பக்கத்தில் ஒரு சிங்களத் தகப்பன் தன் மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கொழும்பில் வேலை செய்த நாலு வருடத்துச் சிங்களம் எனக்குக் கொஞ்சம் பிடிபடும். பையனின் கேள்வி குட்டியாக இருந்தது. தகப்பனின் பதில் முடியவில்லை. அவரும் கை நீட்டி நீட்டித்தான் பேசினார். பையன் நடுவிலேயே பேருந்தடி ஐஸ்கிறீம்காரனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

திரும்பி வரும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பலகைகளைக் குறை சொல்வது எனக்குச் சுலபம். எங்கள் தீவிலேயே அராலித்துறையில், 1992 ஓகஸ்ட் 8 இல் கண்ணிவெடியில் இறந்த இராணுவத் தளபதிகளில் ஒருவரான டென்சில் கொப்பேகடுவவுக்கும் அவரோடு போனவர்களுக்கும் நினைவுத்தூபி நிற்கிறது. சாட்டியில் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லம் இருந்த இடத்தில் நவம்பர் 27 மாலை சனம் போய் விளக்கேற்றுகிறது. அங்கே வருடத்தில் ஒரு மாலைதான். ஒரே தீவு, மோட்டார் சைக்கிளில் இரண்டையும் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வரலாம். இரண்டையும் ஒரு தட்டில் வைத்து நிறுக்க நான் வரவில்லை. தூபிக்குக் காவல் இருந்ததையும், விளக்குக்குப் போகிறவர்கள் எத்தனையோ வருடம் பயந்து பயந்து போனதையும் கண்டவன் நான். ஆனால் பிள்ளையின் முன்னால் நின்றபோது நானும் ஒரு பலகையை நட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுத்து தமிழில் இருந்தது, அவ்வளவுதான். பிள்ளை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது இவ்வளவு கடினம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பின்னேரம் அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. மகளுக்கு அவ அப்பம்மா, மருமகனுக்கு அம்மம்மா. டாங்கி பார்த்ததாக அவன் சொன்னான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. 1990 இல் ஒருமுறை, 1991 ஒக்டோபரில் மறுமுறை என்று இந்த வீட்டை விட்டு ஓடியவ. அம்மா ஒரு சரித்திரமும் சொல்லவில்லை. கிணற்றடி எலுமிச்சையைக் காட்டி, "அதிலதான் எங்கட பங்கர் இருந்தது" என்றா. பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டது. அரை ஆள் ஆழத்துக்கு மேல் தோண்டினால் தண்ணீர் ஊறும், ஆகவே குனிந்துதான் இருக்கவேண்டும். குண்டு போட வரும் விமானங்களில் மெதுவாக இரைந்து வருவது சகடை, சட்டென்று குத்துவது பொம்மர் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்றா. "உன்ர அம்மா அதுக்குள்ள இருந்துதான் கணக்குச் செய்தவ. மூண்டாம் வகுப்பு."

"நானும் மூண்டாம் வகுப்பு" என்றான் அவன். எலுமிச்சைக்குக் கீழே போய்க் குந்தினான். மகளும் போய்க் குந்தினாள். "எத்தினை பேர் இருந்தனீங்கள்?"

"ஆறு பேர். ஒரு ஆட்டுக்குட்டி. அதை விட்டிட்டு உன்ர அம்மா இறங்கமாட்டா."

"ஆட்டுக்கு என்ன பேர்?"

அம்மாவுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. தான் மறந்துவிட்டதை நம்ப முடியாமல் அம்மா கொஞ்ச நேரம் கோப்பையைப் பிடித்தபடி இருந்தா. இரவு எட்டு மணிக்கு ரொறன்ரோவுக்கு எடுத்தோம். அங்கே காலை, தங்கச்சி வேலையில் நின்றாள். என்ன ஏது என்று பதறியவளிடம் மகன் விஷயத்தைக் கேட்டான். ஏதோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"மணி" என்றாள். "வாலில மட்டும் கறுப்பு."