கத்தியை எப்போது கீழே வைப்பது?

ஓவியர் கே. எம். ஆதிமூலம் 1969-இல், காந்தி நூற்றாண்டையொட்டி, காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளினார். அந்தக் கோடுகளில் தயக்கம் தெரியாது. மை காகிதத்தில் பட்டால் பட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. அப்படிப் பழகிய கை பின்னாளில் எண்ணெய் வண்ணத்தைப் பரப்புப் பரப்பாக அப்பும் அரூப ஓவியத்துக்குப் போனது. ஏன் போனார் என்பதற்கு விமர்சகர்கள் பல காரணம் சொல்லலாம். என்னை விடாமல் உறுத்துவது வேறொன்று. உடனே காய்கிற பொருளை விட்டு நாள்கணக்கில் காயாத பொருளுக்கு மாறினால், ஒரு மனிதர் முடிவெடுக்கும் விதம் என்ன ஆகும்?

எண்ணெய் வண்ணம் நீர் வற்றிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது. அம்பர் என்ற மண்நிறம், அதிலுள்ள மாங்கனீசின் தயவால், ஓரிரு நாளில் தொடும் பதத்துக்கு வந்துவிடும். காட்மியம் சிவப்போ பல நாள் கழித்தும் விரலில் ஒட்டும். மலேசியாவின் பினாங்குத் தீவில், ஈரம் மிகுந்த காற்றில், இது இன்னும் தாமதிக்கலாம். இந்தத் தீவுக்குக் கலையுலகில் பெயர் வாங்கித் தந்தவை பெரும்பாலும் இதற்கு நேர்மாறான பொருள்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். யோங் முன் சென்னும் அப்துல்லா அரிஃபும் நீர்வண்ணத்தில் புகழ்பெற்றவர்கள். சுவா தியன் தெங் 1950-களில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்தேக்கைத் துணியிலிருந்து ஓவியச் சட்டத்துக்குக் கொண்டுவந்தவர். நீர்வண்ணத்தில் வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் நிறம் ஏறிவிட்டால் காகிதத்தின் வெண்மை பழையபடி திரும்பாது. பாத்தேக்கில் மெழுகு தவறி விழுந்த இடத்தில் சாயம் பிடிக்காது. இரண்டுமே முன்கூட்டி யோசிக்கச் சொல்லும் கலைகள். எண்ணெய் வண்ணம் மட்டுமே பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுக்கிறது.

அந்த இடத்தில்தான் சிக்கல். உருவ ஓவியத்தில் மூக்கு கோணினால் பார்க்கிறவருக்கே தெரிந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க வெளியே ஒரு முகம் இருக்கிறது. கோலமும் அரூபம்தான், ஆனால் கடைசிப் புள்ளியைச் சுற்றி வந்ததும் கோலம் முடிந்தது என்று புள்ளிகளே சொல்லிவிடும். அரூப எண்ணெய் ஓவியத்தில் முகமும் இல்லை, புள்ளியும் இல்லை, வண்ணமும் காயவில்லை. பால்சாக் 1831-இல் எழுதிய ஒரு கதையில், பிரென்ஹோஃபர் என்ற முதிய ஓவியர் ஒரே படத்தைப் பத்தாண்டுகள் திருத்துகிறார். கடைசியில் பார்க்க வந்தவர்களுக்குத் தெரிவது குழம்பிய வண்ணமும், மூலையில் தப்பிப் பிழைத்த ஓர் அழகிய பாதமும்தான். ஓவியர் செசான் அந்தக் கிழவரில் தன்னையே கண்டாராம். கிழவருக்குத் திறமை குறையவில்லை. போதும் என்று சொல்ல வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஓவியக்கூடத்தில் கையகலக் கித்தான்களில் அரூபம் பழகுவதை ஆதரிக்க எனக்குள்ள காரணம் இதுவே. சின்னக் கித்தானை ஒரே பார்வையில் முழுதாகப் பார்க்கலாம். இரண்டு சாம்பல் நிறங்கள் சந்திக்கும் விளிம்பில் வண்ணம் அப்பும் கத்தியை ஓர் அங்குலம் இழுத்தால் படம் முழுவதன் எடையும் நகர்ந்துவிடும். ஒரு மூலையைச் சரிசெய்கிறேன் என்று மற்றதை மறக்க அங்கே வழியில்லை. ஈரத்தோடு நாலைந்து முறை சுரண்டினால் நிறங்கள் சேறாகும், அந்தச் சேறும் உடனே கண்ணில் படும். வண்ணமும் வரைபொருளும் தராத எல்லையை அளவு தருகிறது. சிறியது வெறும் பயிற்சி, பெரியதற்கு அஞ்சுகிறவர்களின் ஒதுங்கல் என்று சிலர் சொல்வார்கள். பால் க்ளே ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை விட்டுச் சென்றார். அவற்றில் மிகப் பல மடியில் வைத்துப் பார்க்கக்கூடிய அளவுதான். அவற்றை யாரும் ஒத்திகை என்று ஒதுக்கியதில்லை. அளவைச் சுருக்கியதால் அவர் கேட்ட கேள்விகள் சுருங்கிவிடவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஒன்று சரிவராதபோது அதைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுத்த கித்தானை எடுப்பதும் தப்பித்தல்தானே? பிரென்ஹோஃபர் ஒரே படத்துக்குள் முடிவைத் தள்ளிப்போட்டார், சிறிய கித்தானில் வரைகிறவர் இருபது படங்களுக்குள் தள்ளிப்போடுகிறார் என்று கேட்டால்? வரிசையாக மாட்டிப் பார்க்கும்போது ஒரு படத்தின் குறை அடுத்ததில் பதிலாகியிருக்கும், அதனால் அது தப்பித்தல் ஆகாது என்பேன். சில வரிசைகளுக்கு இது பொருந்துகிறது. ஆனால் அந்தத் தொடர்ச்சி வரைந்தபோதே இருந்ததா, பிற்பாடு நாம் அடுக்கியதால் உண்டானதா என்று படங்களை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியுமா? முடியும் என்று நிரூபிக்க என்னிடம் வாதம் இல்லை. சிறிய கித்தானுக்கு ஆதரவாக நான் சொன்னதெல்லாம் இந்த இடத்தில் வந்து நிற்கிறது.